கல்லறைக்கு வந்த பால்

கல்லறைத் திருநாளுக்காக அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கிறேன். ஈரச் சுண்ணாம்பின் நெடி ஏறியதும் எனக்கு மறுபடி எட்டு வயது.

அம்மாவைப் புதைத்த மறுநாள் அது. பக்கத்துக் கல்லறையில் இதே நெடி. அடி அண்ணாமலையிலிருந்து அம்மாவின் அண்ணன் பால் சொம்போடு வந்தார். மறுநாள் பால் தெளிப்பது அவர்கள் வழக்கம். அந்த வீட்டில் அம்மா மட்டும்தான் கிறிஸ்தவத்துக்கு மாறியவள்.

அப்பா வழிமறித்தார். “வேணாம் மச்சான். அவளுக்கு நித்திய ஜீவன் இருக்குது. செத்தவங்களுக்குப் பண்றத அவளுக்குப் பண்ணாதீங்க.”

மாமா சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். “அவ உசுரோட இருக்கறது நெசம்னா, அண்ணன் கொண்டாந்தத வேணாம்னுவாளா மாப்ள?”

இருவரும் முறைத்தபடி நின்றார்கள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்திருந்தேன். கடைசியில் வேட்டி என் கையில் அசைந்தது. அப்பா விலகினார்.

வருஷா வருஷம் வரும் மாமா, வயதானதால் இப்போதெல்லாம் ஆட்டோவில்தான் வருகிறார். அவர் சொம்போடு வந்து இறங்குவதற்குள் இந்தச் சுண்ணாம்பு காய வேண்டும்.