பெடல் வைத்த கட்டில்

தெருவில் எல்லோரும் அவளைக் கட்டிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களை முப்பது வருடம் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டவள். முட்டி தேய்ந்ததும் வேலையை விட்டாள். கடைசி நோயாளியின் குடும்பம் ஆஸ்பத்திரிக் கட்டிலை "நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டு ஊர் மாறிப் போனது. தலைமாட்டைத் தூக்கும் கைப்பிடி உடைந்திருந்ததால், அந்த இடத்தில் ஒரு சைக்கிள் பெடலை வெல்டிங் வைத்து வாங்கினாள். அன்று முதல் கட்டில் வீடு வீடாகப் போய்வந்தது. வாடகை கிடையாது. வேலை முடிந்தால் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

வேலை முடிவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவளாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள்: சாவு விழுந்த வீட்டில் ஒரு மாதம் கழித்துத்தான் கட்டிலைக் கேட்பாள்.

இந்த முறை அந்த ஒரு மாதம்தான் காலை வாரிவிட்டது.

அடுத்த தெருவில் ஒரு மூச்சிரைப்புக்காரி. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று பத்து நாளாகச் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். மருமகள் தினமும் வந்து நச்சரித்தாள். மாதம் முடிந்ததும் கட்டிலக்கா, கட்டில் கடைசியாகப் போயிருந்த தையல்காரன் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா கிடந்த அறையில் இரண்டு தையல் மெஷின்கள் நின்றன.

"கட்டில் எங்கப்பா?"

தையல்காரன் தலை நிமிரவில்லை. "வித்துட்டேங்க்கா."

"எத?"

"நீங்க ஆளையே காணோம். வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். எடத்த வேற அடச்சுது."

"மரியாதைக்கு நான் பொறுத்திருந்தா, அது உனக்கு அநாதக் கட்டிலாயிடுச்சா?"

தையல்காரன் விற்றது பழைய சாமான் கடைக்கு. கடைக்காரர் கையை விரித்தார். "விக்க வர்றவன்கிட்ட எல்லாம் வம்சாவளி கேட்டுட்டா இருக்க முடியும்?" கட்டிலக்கா, விற்பனைக்கு வைத்திருந்த ஈசிசேரில் நடுவாசலை மறித்து உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில், வாங்கியவரின் விலாசம் வந்தது.

போகும் வழியில்தான், முன்பு அவள் பார்த்துக்கொண்ட நோயாளி ஒருவரின் மகனான வக்கீலின் வீடு இருந்தது. அவரைக் கேட்டாள்.

"தன்னுது இல்லாதத ஒருத்தன் வித்தா, வாங்கினவருக்கு அது சொந்தமாகாதும்மா. அவர் கொடுத்த காச கடைக்காரர்கிட்டதான் கேக்கணும். கட்டில் உங்களுதுதான். பில்லு இருக்கா?"

"சும்மா கொடுத்ததுக்கு யாரு பில்லு போடுவா?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேஸ் இழுக்கும் என்று அர்த்தம்.

வாங்கியவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். உள்ளே போனதுமே பெடல் கண்ணில் பட்டது. கட்டிலில் அவருடைய அப்பா, பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து கிடந்தார்.

"காசு கொடுத்து வாங்கியிருக்கேன். இதோ பில்லு," என்றார் டிரைவர்.

"திருட்டுச் சாமானுக்கு பில்லு. சொந்தக்காரிக்கு ஒண்ணுமில்ல. நல்லாயிருக்கு நியாயம்! எந்த ஆஸ்பத்திரிலப்பா சைக்கிள் பெடல் வச்ச கட்டில் விக்கிறான்? வெல்டிங் கடைக்காரன் இன்னும் உசுரோடதான் இருக்கான், கூட்டிட்டு வரவா?"

டிரைவர் பெடலைப் பார்த்தார். குரல் இறங்கியது. "தூக்கிட்டுப் போங்க. அப்பாவத் தரையில போடுறேன்."

கிழவர் கோணிய வாயால் சொன்னார்: "என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போம்மா. இவன் சமையல வாயில வைக்க முடியல."

கட்டிலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வையை விலக்கினாள். குதிகால் இரண்டும் சிவந்திருந்தன. தரையில் போட்டால் ஒரே வாரத்தில் புண்தான். எரிச்சல் தலைக்கேறியது.

"கெண்டைக்காலுக்கு அடியில தலகாணிய வை. குதிகால் எங்கயும் படக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டு. இப்ப ஒரு பேப்பர் எடு."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: கட்டில் இன்னாருடையது, இரவலாக இருக்கிறது, பதினைந்து நாளில் திருப்பித் தருகிறேன். கையெழுத்தும் வாங்கினாள். அதற்குள் கடைக்காரரின் சட்டையைப் பிடித்தாவது காசை வாங்கி, வேறு கட்டில் பார்த்துக்கொள்வது அவர் பாடு.

மூச்சிரைப்புக்காரி வீட்டில் மரக்கட்டிலை ஓரம் தள்ளி, இடம் பெருக்கி வைத்திருந்தாள் மருமகள். "கட்டில் எங்கம்மா?"

"என்னுதுதான். எழுதியே வாங்கிட்டேன். அதுல இன்னொருத்தர் படுத்திருக்கார். மர நாற்காலி ஏதாவது இருக்கா?"

மருமகள் முகம் சுருங்கியபடி ஒன்றைக் கொண்டுவந்தாள். கட்டிலக்கா அதை மரக்கட்டிலின் தலைமாட்டில் கவிழ்த்து வைத்து, கால்களைக் கட்டிலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, சரிந்து நின்ற முதுகின் மேல் தலையணைகளை அடுக்கினாள். மூச்சிரைப்புக்காரி சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

"நாற்காலி யாருது?"

"பக்கத்து வீட்டுதும்மா. இரவல் வாங்கினோம்."

கட்டிலக்கா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். "மொதல்ல போய் பெயின்ட் எடுத்துட்டு வா. அதுல அவங்க பேர எழுது."