கதவில் தொங்கிய துண்டு

எங்கள் லைன் வீட்டில் கதவின் மேல் துண்டு தொங்கினால் உள்ளே யாரோ தூங்குகிறார் என்று அர்த்தம். புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை அறை வீடுகள் அவை. ஆண்களில் பாதிப் பேர் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட். காலையில் வந்து குளித்து, நாஷ்டா முடித்து, வேலைக்குக் கட்டிக்கொண்டு போன துண்டைக் கதவில் போட்டுவிட்டுப் படுப்பார்கள். அதன் பிறகு அந்த வாசலைக் கடக்கிறவர்கள் குடத்தைக்கூட மெல்லத்தான் இறக்கி வைப்பார்கள். நெடுஞ்சாலை லாரிகளுக்கு மட்டும் துண்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவை லாரி ஹாரன் ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் ஒரு டம்ளர் உருண்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்பாவுக்கு இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் வேலை. அவரோடு வேலை பார்த்த ஒருவர் தூக்கக் கலக்கத்தில் இரண்டு விரல்களை மெஷினுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா அப்பாவின் தூக்கத்துக்குக் காவல் இருக்க ஆரம்பித்தாள். எட்டு வயதில் நான் அந்தக் காவல் படையின் ஒரே சிப்பாய். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவேன். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவேன். அம்மா திட்டுவதையும் கண்ணாலேயே முடித்துக்கொள்வாள். வாயால் திட்டுவதைவிட அது பயமாக இருக்கும். தம்பி வளர்ந்தது இதற்கு நடுவில்தான்.

அவனுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. அழுவதுகூட உதட்டைப் பிதுக்குவதோடு சரி. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். எங்க ஊட்டுக்காரரு அஞ்சு வயசுலதான் பேசனாராம்" என்று பக்கத்து வீட்டு அத்தை தைரியம் சொன்னாள். அந்த மாமா நாற்பது வயதிலும் அதிகம் பேசுகிறவர் இல்லை என்பதால் அம்மாவுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. வசம்பை உரைத்து அவன் நாக்கில் தடவிப் பார்த்தாள். அவன் முகத்தைச் சுளித்தான், அதுவும் சத்தமில்லாமல். ஊமை என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா சாமி கும்பிடும் நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

அவனைக் கவனித்துப் பார்த்தவர் பால்வாடி டீச்சர். கட்டைகளை அடுக்குகிறான், கலர் பார்த்துப் பிரிக்கிறான், சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிறான். அவனுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினார், திரும்பிப் பார்த்தான். எதற்கும் ஒருமுறை காதைப் பார்த்துவிடுங்கள் என்று திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா அவன் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். காது நன்றாக இருக்கிறதென்றால் வாய்க்கு என்ன கேடு என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா பாயை விரித்து, "வாங்க டீச்சர்" என்று காதோடு காதாகச் சொன்னாள். டீச்சரும் அதே குரலில் தம்பி சாப்பிடுவதையும் தூங்குவதையும் பற்றி விசாரித்தார். திருட வந்த இரண்டு பேர் ரகசியம் பேசுவது போல இருந்தது. திடீரென்று டீச்சர் நிறுத்தினார்.

"ஏம்மா, நாம ஏன் இப்டி குசுகுசுன்னு பேசிக்கினு இருக்கோம்?"

"அவரு தூங்கறாரு டீச்சர். நைட் டூட்டி."

"எப்பவும் இப்டித்தானா?"

அம்மா தலையாட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனான். அம்மா சட்டென்று தண்ணீர் டம்ளரை நீட்டினாள். டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ஊட்ல யாருமே பேசறதில்ல. அவன் மட்டும் எங்கருந்து பேசுவான்? அவனோட பேசணும், பாடணும். தட்டைப் போட்டு ஒடச்சாலும் பரவால்ல."

"அப்ப அவரு தூக்கம்?"

டீச்சர் திரும்பி அப்பாவின் முதுகைப் பார்த்தார். வெளியிலாவது கூட்டிக்கொண்டு போய்ப் பேசச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முழுப் பரீட்சை லீவு. வெயில் ஏறுவதற்குள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்று, கண்ணில் படுவதற்கெல்லாம் பெயர் சொல்வேன். லாரி. பஸ்ஸு. மாடு. டீக்கடை. மறுபடியும் மாடு. அவன் என் வாயையே உற்றுப் பார்ப்பான், அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல. வீட்டு வாசல் வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொள்வோம்.

ஒரு நாள் மதியம் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் வாசற்படி ஓரம் சத்தமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தோம். தெருவில் போன மாடு ஒன்று கழுத்தை நீட்டி, கதவில் தொங்கிய துண்டை இழுத்து மெல்ல ஆரம்பித்தது. வேர்வை உப்பு அதற்குப் பிடித்திருக்க வேண்டும். நான் கையை மட்டும் வீசி விரட்டிப் பார்த்தேன். அது மதிக்கவில்லை. தம்பி எழுந்து நின்றான்.

"மாடு!"

லைன் வீடு முழுக்கக் கேட்டிருக்கும். "மாடு! அக்கா, மாடு!"

நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். அப்பா எழுந்தால் முதுகில் விழும் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. எங்கள் அறையில் படுத்தபடி கையை நீட்டினால் வாசற்படி எட்டும். ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"கைய எடு பாப்பா. கத்தட்டும், உடு."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். தம்பி அவளுக்காக இன்னொரு முறை மாட்டைக் காட்டிச் சொன்னான். அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு பெரிதாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது, முக்கியமாக அடி விழாததால். மாடு துண்டோடு நிதானமாக நடந்து போனது. யாரும் துரத்தவில்லை.

அதற்குப் பிறகு அப்பா கதவில் துண்டு போடவில்லை. தம்பி தட்டைத் தட்டினான், கத்தினான், தெரிந்த நாலு சொல்லை நாள் முழுக்கச் சொன்னான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிப் படுத்திருப்பார். நான் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "அப்பா நல்லா தூங்கறாரும்மா" என்று அம்மாவுக்குத் தகவல் கொடுப்பேன். லாரிச் சத்தத்துக்குப் பழகியவர் இதற்கும் பழகிவிட்டார் என்று எனக்குப் பெருமை. தம்பி புதிதாக ஒரு சொல் சொல்லும்போது அந்த முதுகு லேசாகக் குலுங்கும். கனவு காண்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா இப்போது ஓய்வில் இருக்கிறார். டீ கிளாஸைப் பிடித்திருக்கும் அவர் கையில் எல்லா விரல்களும் பத்திரமாக இருக்கின்றன. தம்பி பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. எனக்கு அதே தொழிற்பேட்டையில் வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். பகலில் கண்ணை மூடிப் படுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த வருஷம் முழுக்க அப்பா தூங்கவே இல்லை.