ஆசிரியர் முடிக்காத கதை

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரி வாசலில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெண், கையில் தமிழில் வந்த ஆங்கில நாவல். எழுதியவர், அந்தக் காலத்தில் மாதம் ஒரு பகுதியாக எழுதி ஊரையே காக்க வைத்தவராம். உள்ளே படுத்திருக்கும் கணவருக்குத் தினமும் வாசித்துக் காட்டுகிறாள்.

“நாளைக்கு அவருக்கு ஆப்பரேஷன்ணே. கொலைகாரன் யாருன்னு இன்னிக்கே சொல்லுடின்னு அடம் புடிக்கிறாரு. எழுதினவரு பாதியிலயே செத்துட்டாரு. அத எப்படிண்ணே சொல்றது?”

யாரிடமும் பேசக் கூசும் நான் சொல்கிறேன்: “ஆப்பரேஷன் முடிஞ்சு வந்தாத்தான் சொல்லுவேன்னு சொல்லும்மா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “அதுக்குள்ள நான்ல கொலைகாரனக் கண்டுபுடிக்கணும்!”

என் பேருந்து வருகிறது. அவள் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குகிறாள்.

ஒருவழியாக எழுதி வைத்த நாள்: 11 பிப்ரவரி 2026.