எருமை வித்துப் படிச்ச படிப்பு

எங்கூட்ல ரெண்டு எருமை இருந்துது. அதுல நல்லாக் கறக்கறதை வித்துத்தான் எங்கம்மா என்னைய அலங்காரம் படிக்க வெச்சாங்க. இப்ப அதை பியூட்டி பார்லர்ங்கறாங்க. அறுபதுகள்ல எங்க போத்தனூர்ப் பக்கம் அந்தப் பேச்சே கெடையாது. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு சட்டைக்காரம்மா, கவுனு போட்டுட்டு இங்கிலீஷ் பேசறவங்க, அவங்க ஊட்டு முன்ரூம்புலயே கிளாஸ் நடத்துனாங்க. ஆறு மாசம். முடி வெட்டறது, சுருட்டறது, மூஞ்சிக்கு பவுடர் ரூஜ் போடறது. பீஸு, ஒரு கறவை எருமை வெலை.

"மூஞ்சிக்குப் பவுடர் அப்பறதுக்கு எருமையவா விப்பாங்க? கிறுக்குப் புடிச்சிருக்குதா உனக்கு?"ன்னு தெருவே எங்கம்மாளைக் கேட்டுது. எங்கப்பா நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே போயிட்டார். பால் வித்துத்தான் பொழப்பு. எங்கம்மா போட்ட கணக்கு இவ்ளதான்: எருமைன்னா என்னைக்கோ ஒரு நாள் வத்திப்போகும், புள்ள கையில ஒரு வேலை இருந்தாக் கடைசி வரைக்கும் சோறு போடும். வருசத்துக்குள்ள அந்த எருமை வெலையச் சம்பாரிச்சுக் கட்டுத்தறியில இன்னொண்ணைக் கட்டிப்போடோணும்.

படிச்சு முடிச்சு வாசல்ல போர்டு தொங்க விட்டேன். ஈ காக்கா வரலை. எந்த மவராசி காசு குடுத்துத் தலை சீவிக்குவா? கல்யாணப் பொண்ணுக்கு ஜடை பின்ன அத்தை இருக்கறா, சித்தி இருக்கறா. எங்கம்மா ஒத்தை எருமைப் பாலை வித்துட்டு வந்து, காலிக் கட்டுத்தறியை ஒரு பார்வை பார்த்துட்டு உள்ள வருவாங்க. நாலு வசவு வஞ்சிருந்தாக்கூடத் தேவலை.

ஒரு நாள் மத்தியானம் பெரிய காரு ஒண்ணு வந்து நின்னுது. மில்லு முதலாளி ஊட்டுக் காரு. டிரைவர் எறங்கி, "ஏனுங்க அம்மணி, பொண்ணுக்கு அலங்காரம் பண்ணோணுமாமா. சாமானை எடுத்துட்டு வெசையா வாங்க"ன்னார். எங்கம்மா மொகத்தைப் பார்க்கோணுமே! "போ கண்ணு, போயிட்டு வா"ன்னு என்ர பொட்டியைத் தூக்கிக் கார்ல வெச்சதே அவங்கதான்.

பங்களா நெறைய ஆளுங்க. ஒருத்தரும் பேசலை. எனக்கு அப்பவே ஒறச்சிருக்கோணும். உள்ரூம்புல சன்னலையெல்லாம் தொறந்து போட்டு வெளிச்சம் கண்ணைக் கூசுது. நடுவுல உசந்த நாற்காலி. அதுல பட்டுச்சீலை கட்டின பொண்ணு, என்ர வயசுதான் இருக்கும். தலை ஈரமா இருந்துது. மூலையில போட்டோக்காரர் ஒருத்தர் மூணுகால் ஸ்டாண்டுல கேமராவை மாட்டிட்டு இருந்தார். "தலையத் துவட்டலீங்களா?"ன்னு கேட்டுட்டே அந்தப் பொண்ணு கன்னத்தைத் தொட்டேன். தண்ணிப்பானை அடியைத் தொட்ட மாதிரி ஜில்லுனு இருந்துது. அப்பத்தான் பார்த்தேன், சீலைக்குள்ள ஒரு துணியை விட்டு நெஞ்சை நாற்காலியோட சேர்த்துக் கட்டியிருந்தாங்க.

ரெண்டு அடி பின்னால போயிட்டேன். அந்தப் பொண்ணோட அம்மா என்ர ரெண்டு கையவும் புடிச்சுட்டாங்க. "போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு ஒண்ணுகூட எடுக்காம வளத்துனேன் அம்மணி. இப்ப என்ரகிட்ட அவ மொகமே இல்லை. உசுரோட இருக்கற மாதிரி பண்ணிக் குடு"ன்னாங்க. அன்னைக்கு ஊர்ல பாதிப்பேர் அப்படித்தான். இருக்கற வரைக்கும் கேமரா முன்னால நிக்க மாட்டாங்க. போனப்பறம் நாற்காலியில உக்கார வெச்சு ஒண்ணு எடுத்துக்குவாங்க.

பண்ணிக் குடுத்தேன். சட்டைக்காரம்மா சொல்லிக் குடுத்தது அத்தனையும் அந்த மூஞ்சியில அப்படியே நின்னுது. செத்தவங்களுக்கு வேர்க்காதுங்க. பவுடர் திட்டுத்திட்டாக் கரையாது. போட்டோக்காரர் கருப்புத் துணிக்குள்ள இருந்துட்டே, "கண்ணு மூடியிருந்தாப் பரவாயில்லை, படத்துல நான் வரைஞ்சுக்கறேன்"ன்னார்.

கை நெறையக் குடுத்தாங்க. அந்தப் போட்டோக்காரர் போற எடத்துலெல்லாம் என்னையச் சொன்னார். பல்லடம், பவானி வரைக்கும் போனேன். வருசம் திரும்பறதுக்குள்ள கட்டுத்தறியில புது எருமை நின்னுது. அம்மா கணக்குத் தீர்ந்துதான்னா, எங்க தீர்ந்துது! தெருவுல நான் நடந்தா புள்ளத்தாச்சிக மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. யார் ஊட்டு வாசல்ல சித்தெ நின்னாலும், "இங்க எல்லாரும் நல்லாருக்கறோமுங்க அம்மணி"ம்பாங்க. மரியாதையாத்தான் சொல்லுவாங்க. அந்தப் புது எருமைகூட என்ர கைப்புல்லை மோந்துட்டுத் தலையத் திருப்பிக்கும். அம்மா போட்டாத்தான் திங்கும்.

எங்கம்மாளுக்குப் பொறுக்கலை. "எழவு ஊட்டுக்கு அனுப்பறதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்? கல்யாணப் பொண்ணுக உன்ரகிட்ட வரோணும்னுதான வெச்சேன்!"னு ஒரு நாள் வெடிச்சாங்க. அடுத்த நாள் காலையில முக்காலியத் தூக்கி வாசல்ல போட்டு உக்காந்துட்டாங்க. "எனக்குப் பண்ணி உடு, நாலு பேர் பார்க்கட்டும். போட்டோ எடுத்து அந்தப் போட்டோக்காரர் ஸ்டுடியோ வாசல் கண்ணாடியில மாட்டச் சொல்லு. உசுரோட இருக்கறவ மேலயும் உன்ர கை படும்னு தெரியட்டும்."

"வேண்டாமுங்கம்மா, ஆயுசு..."ன்னு இழுத்தேன். அந்தப் பயம் எனக்குந்தான் இருந்துது.

"கெடக்குது போ. கொறஞ்சா என்ர ஆயுசுதான?"ன்னுபோட்டாங்க.

தெருவே நின்னு வேடிக்கை பார்த்துது. பவுடரைத் தொட்டு எங்கம்மா கன்னத்துல வெச்சேன். சூடா இருந்துது. வெடுக்குனு கைய இழுத்துட்டேன். அத்தனை மாசமா என்ர கை சூடான கன்னத்தைத் தொட்டதே இல்லையே! எங்கம்மா நிமுந்து பார்த்தாங்க. "நான்தான் கண்ணு. பண்ணு"ன்னாங்க. எனக்கு அழுகை அழுகையா வந்துது. அழுதுட்டேதான் பண்ணினேன். அப்படியே ஸ்டுடியோவுக்குப் போனோம். போட்டோக்காரர் வழக்கமில்லாம, "அசையாதீங்க, மூச்சப் புடிச்சுக்கங்க"ன்னார். அம்மா மூச்சப் புடிச்சுட்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாம உக்காந்திருந்தாங்க.

படத்தை மாட்டியாச்சுன்னு சேதி வந்ததும் பார்க்கப் போனோம். எங்கம்மா பவுடரெல்லாம் போயி, வெயில்ல கருத்த பழைய மூஞ்சியோட, கையில பால் போசியோட வந்தாங்க. கண்ணாடிக்கு முன்னால ஒரு அம்மா, கல்யாண வயசுப் பொண்ணோட நின்னுட்டு இருந்தாங்க. அந்தம்மா எங்கம்மா படத்தையே ரொம்ப நேரம் பார்த்துட்டு, பக்கத்துல வந்து நின்ன எங்கம்மாகிட்டயே திரும்பி, "பாவமுங்க. இவங்க எப்பத் தவறினாங்கன்னு தெரியுமுங்களா?"ன்னு கேட்டாங்க.

படத்தைப் பார்த்தேன். கெட்டியாப் பவுடர், ஒரே கோடா ஒதடு, முழிச்சபடி நிக்கற கண்ணு. பழகின கை, அந்த மில்லுக்காரப் பொண்ணுக்குப் போட்ட மூஞ்சியவே எங்கம்மாளுக்கும் போட்டிருந்துது.

எங்கம்மா போசியக் கீழ வெச்சாங்க. "இன்னும் இல்லீங்க"ன்னு மரியாதையாச் சொன்னாங்க.

அந்தம்மா படத்தைப் பார்த்தாங்க, எங்கம்மாளைப் பார்த்தாங்க, மக கையப் புடிச்சு இழுத்துட்டு ரோட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. ஊடு வந்து சேர்ற வரைக்கும் எங்கம்மா என்ர கைய உடவே இல்லை.