கேட்டோரம் வரைந்த இரண்டு கால்கள்

2002-ஆம் வருஷம், பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது மாதம். என் மகள் பிளெஸ்ஸியின் வலது கணுக்காலில் சணல் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வராது. யார் செய்தது என்று அவளிடம் கேட்கவும் வழியில்லை.

சுங்குவார்சத்திரம் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் நான் செக்கர். அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து, மண்ணூரில் பஸ் இறங்கி, அவளைக் கூட்டிவர நேராகப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். கயிற்றின் மிச்சம் பெஞ்சுக் காலில் முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியது ரெஜினா டீச்சர். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை. நம் சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர். இந்தச் சாட்சியைச் சபையில் வாசிக்கும்போதும் அதே வரிசையில்தான் இருப்பார். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"நாப்பது பிள்ளைங்கள விட்டுட்டு இவ பின்னாடி ரோட்டுக்கு ஓட முடியுமா சிஸ்டர்? ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. நாளையிலேர்ந்து அனுப்பாதீங்க" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூட மறந்திருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றார். "நம்ம சபையில ஒரு சகோதரி குடும்பத்துல பிள்ளை மேல இருக்கிற சாபம் உடையணும், எல்லாரும் பாரமா ஜெபிங்க" என்றார். பேர் சொல்லவில்லை. பேர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மொத்த சபையும் திரும்பி என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தது. ஜெபம் என்ற பேரில் என் மானத்தைக் கப்பலேற்றினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் மைக்கேல் வேன் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. "இன்னா பண்ணச் சொல்ற? வூட்லயே வச்சிக்கலாம் வுடு" என்றார். வீட்டிலேயே வைத்தால் அவள் பூட்டிய கதவில் தலையை முட்டுவாள். திறந்தால் ஓடுவாள். வீட்டிலிருந்து இருபதடியில் லாரி போகிற ரோடு.

அன்றைக்கு முழங்காலில் விழுந்து ஒரு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, என் பிள்ளையைக் கட்டினவங்க என் பிள்ளை முன்னால முழங்கால் போடணும். அதை நான் நின்னு பார்க்கணும்." குணமாக்கும் என்று கேட்கவில்லை. சமாதானம் தாரும் என்றும் கேட்கவில்லை. பழிதான் கேட்டேன். தினமும் கேட்டேன். சபையில் ரெஜினா டீச்சரின் கொண்டையைப் பார்த்தபடியே, கண்ணைத் திறந்துகொண்டு கேட்டேன்.

சென்னையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். சாபம் என்று சொல்லவில்லை. ஊரில் எத்தனை பேரிடம் அந்த வார்த்தையைச் சொன்னாலும், "ஓ" என்று கேட்டுவிட்டு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னார்கள்.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் கம்பெனியில் குடும்பத்தாரைக் கூட்டிவந்து காட்டும் நாள் வந்தது. பிளெஸ்ஸியைக் கூட்டிப்போக எனக்குத் தைரியமில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூட்டிப்போனேன். கம்பெனி தரையில் எங்கே நடக்க வேண்டும் என்று மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே இரண்டு பாதம் வரைந்திருக்கும். ஒவ்வொரு கருவியும் மாட்டும் இடத்தில் அதே வடிவத்தில் நிழல் போலக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கும். என் கையை உதறிய பிள்ளை, ஓடவில்லை. மஞ்சள் கோட்டின்மேலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்தாள். பாதம் வரைந்த இடத்தில் நின்றாள். கீழே கிடந்த கட்டிங் பிளையரை எடுத்து அதன் நிழலில் மாட்டினாள்.

எங்கள் சூப்பர்வைசர் சிரித்தார். "உன் பொண்ணு என் ஆளுங்களவிட தேவலையேம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து என்ன, எங்கே என்று தெரியாத இடத்தில்தான் என் பிள்ளை ஓடுகிறாள் என்று அந்த நிமிஷம் கர்த்தர் எனக்குக் காட்டினார். அடுத்த நினைப்பு என்ன தெரியுமா? இதைச் செய்துகாட்டி ரெஜினா டீச்சர் மூக்கை உடைக்க வேண்டும் என்பதுதான்.

லீவு நாட்களில் சென்னையில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து கற்றேன். பிள்ளைப்பாக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு கோழித்தீவனக் கிடங்கை வாடகைக்கு எடுத்தோம். மைக்கேல் மஞ்சள் கோடு போட்டார். பிளெஸ்ஸியோடு இன்னும் மூன்று பிள்ளைகள். நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் மூன்று மணிக்கு வகுப்பு. ஆளுக்கொரு பாய், பாயில் அவரவர் போட்டோ. சுவரில் வரிசையாகப் படங்கள்: செருப்பைக் கழற்று, கை கழுவு, பாயில் உட்கார், மணி கோர், பொரி தின்னு, வீட்டுக்குப் போ. ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தைப் பிய்த்து ஒரு டப்பாவில் போட வேண்டும். கேட்டோரம் இரண்டு பாதம் வரைந்தேன். அதில் நின்று கையை நீட்ட வேண்டும். பெரியவர்கள் கை பிடித்த பிறகுதான் வெளியே. மழையானாலும் வெயிலானாலும் இதே வரிசை. எங்களுக்கு அலுத்துப்போகும். அவர்களுக்கு அதுதான் உயிர். ஒரே மாதத்தில் பிளெஸ்ஸி தலையை முட்டுவது நின்றது.

அத்தோடு நன்றி சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. பிரதிஷ்டை ஜெபம் வைத்து சபையையே கூப்பிட்டேன். ரெஜினா டீச்சர் வீட்டுக்கு நானே நேரில் போய் அழைத்தேன். முதல் நாற்காலியில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. பிள்ளைகளுக்காக வைத்த கூட்டம் இல்லை அது.

நம் சபை சகோதரிகள் ஆசையாகத்தான் வந்தார்கள். ஜிகினாத் தாள் ஒட்டச் சுவரில் இடம் வேண்டுமென்று படங்களைக் கழற்றி அடுக்கிவைத்தார்கள். பாய்களை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய விரிப்பாகப் போட்டார்கள். பலூன் கட்டினார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டும் கைத்தட்டலும் தொடங்கின, டாம்பரின் அடித்தார்கள், ஒரு பலூன் வெடித்தது. பிளெஸ்ஸி சுவரிடம் போனாள். படம் இல்லை. பாயைத் தேடினாள். பாயும் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு என் கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடினாள்.

கேட் திறந்து கிடந்தது. ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. புடவை தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். "ஆண்டவரே, பழி வேணாம், பிள்ளை போதும்" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அந்தப் பழியை நான் விட்டது அந்த ஒரு நேரம்தான்.

பிளெஸ்ஸி கேட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். வரைந்த பாதத்தின்மேல் இடது கால் இடது காலில், வலது கால் வலது காலில். அழுதுகொண்டே ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள், யாராவது பிடிப்பார்கள் என்று. லாரி அவளைத் தாண்டிப் போனது. புழுதிக்குள் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. நான் போய்ப் பிடித்தேன்.

திரும்பினால், செருப்பில்லாமல் ஓடிவந்து மூச்சு வாங்கியபடி ரெஜினா டீச்சர்.

"எப்படி நின்னா சிஸ்டர்?" என்றார். "கட்டாம எப்படி நின்னா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிள்ளை கைக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்ததுமே என் பழியும் திரும்பி வந்துவிட்டது. அவரைத் தாண்டிப் பிள்ளையோடு உள்ளே போனேன்.

பத்து நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். அவர் பள்ளியில் இன்னொரு பிள்ளை அதேபோல ஓடுகிறதாம். "எங்க ஸ்கூல் வாசல்லயும் அந்தக் கால் வரைஞ்சு தருவீங்களா?" என்று கேட்டார்.

"நான் வரைய மாட்டேன் டீச்சர். சொல்லித் தரேன், நீங்க வரையுங்க" என்றேன்.

சனிக்கிழமை பிளெஸ்ஸியையும் கூட்டிக்கொண்டு போனேன். அளவுக்கு ஒரு சின்னப் பிள்ளையின் கால் வேண்டும். சாக்பீஸோடு ரெஜினா டீச்சர் வாசலில் முழங்கால் போட்டார். நான் நின்று பார்த்தேன். கால் வளைவு சரியில்லை என்று இரண்டு முறை அழிக்கச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அவர் பிளெஸ்ஸியைத் தொடக் கையை நீட்டியபோது, "அப்படியே புடிக்காதீங்க. என்ன செய்யப்போறீங்கன்னு முதல்ல அவளுக்குக் காட்டுங்க" என்றேன். அவர் தன் கையைத் தரையில் வைத்து, சுற்றி வரைந்து அவளிடம் காட்டினார். பிளெஸ்ஸி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் வலது காலை எடுத்து, அந்தக் கைக்குப் பக்கத்தில், அவர் முன்னாலேயே வைத்தாள். அவர் அவள் கணுக்காலைப் பிடித்தார்.

"இந்தக் கால்தானே சிஸ்டர்?" என்றார், நிமிராமல்.

"இந்தக் கால்தான்" என்றேன்.

அவர் அழுதார். நான் அழவில்லை. அடுத்த ஞாயிறு ஜெப விண்ணப்ப நேரத்தில் எழுந்து நின்று, சாபம் என்று சொன்னது தன் தப்பு என்று சபை முன்பாகச் சொன்னார். அது உங்களுக்கே தெரியும்.

சகோதர சகோதரிகளே, நான் கேட்டதைக் கர்த்தர் ஒன்று குறையாமல் கொடுத்தார். ரெஜினா டீச்சரை முழங்கால் போட வைத்தார், என்னை நிற்க வைத்துக் காட்டினார். முழங்கால் போட்டு டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டிருக்கவில்லை. அதைக் கர்த்தரே முடிவு செய்துகொண்டார். முழுசாக மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன். இப்போது என் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் ரெஜினா டீச்சர் வந்து மணி கோர்க்கச் சொல்லிக்கொடுக்கிறார். பிளெஸ்ஸி அவர் பக்கத்தில் போய் உட்காருகிறாள். மன்னிக்க அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மனதில் பழியை வைத்துக்கொண்டு ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்கள் யாராவது இருந்தால், அதையே கர்த்தரிடம் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார். பிள்ளைப்பாக்கம் வகுப்புக்கும் ஒருநாள் வாருங்கள். டாம்பரின் வேண்டாம், பலூன் வேண்டாம். செருப்புப் படத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உட்காருங்கள். திரும்பும்போது கேட்டோரம் ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.