முப்பத்தைந்து டாலர் கட்டை

ஹில்மா நீமி இருபத்திரண்டு வருடமாக எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். எந்தப் பனியிலும் அது பள்ளத்தில் இறங்கியதில்லை. நான் பன்னிரண்டு வருடம் அதில் போனேன். போன ஜூனில் பள்ளி முடிந்த பிறகுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் பதினைந்து மான் வேட்டை தொடங்கும் நாள். அதற்கு ஒன்பது நாள் முன்பு உறைந்த படியில் ஹில்மா வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த துப்பாக்கியின் மரக்கட்டைதான் பிடி அருகே பிளந்துவிட்டது.

எங்கள் வேட்டைக் குடிசையில் ஒரு விதி உண்டு. முந்தின நாள் மதியம், மணல் குழியில் நூறு கஜத்தில் ஒரு தட்டை வைப்பார்கள். சொந்தத் துப்பாக்கியால் மூன்று குண்டையும் அதில் போட வேண்டும். தவறினால், மானுக்காகக் காத்து உட்காரும் நம் இடம் அந்த வருடம் வேறொருவருக்கு. ஹில்மாவின் இடம் சதுப்பு நிலத்துக்கு மேலே உள்ள மேடு. கணவர் இறந்த பின் பதினோரு வருடமாக அவர்தான் அங்கே உட்காருகிறார். கணவரின் தம்பி ரெய்னோவுக்கு அந்த மேட்டைத் தன் மருமகன் டேலுக்கு வாங்கித் தர ஆசை.

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் நானூறு டாலர் கேட்டார். ஹில்மா பழைய சாமான் கடையில் முப்பத்தைந்துக்கு ஒரு கட்டை வாங்கினார்.

"அது விறகுக்குத்தான் ஆகும்," என்றார் ரெய்னோ. "பேசாம இந்த வருஷம் குடிசையில இருந்து சமைச்சுப் போடு, ஹில்மா. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

"உனக்குப் பசிச்சா உனக்கும் ரெண்டு கை இருக்கு, ரெய்னோ."

கட்டையின் பள்ளத்தில் குழல் இடப்பக்கம் உரசியது. உரசினால் குண்டு விலகும். ஹில்மா முகத்துக்கு ஒருநாளும் உதட்டுச் சாயம் பூசியதில்லை. குழலின் அடியில் பூசினார். கட்டையில் சிவப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தார். குழலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு டாலர் நோட்டு தடையின்றி ஓடும்வரை, மூன்று மாலை.

அடுத்தது, ஆடாமலிருக்கப் பசை. இரும்பில் பசை ஒட்டாமலிருக்க முதலில் ஷூ பாலிஷ் தடவ வேண்டும். தடவினார். ஆனால் எங்கள் ஊரில் யாரும் இரும்பைத் தொட்ட கையோடு விடமாட்டார்கள். துருப்பிடிக்கும் என்று உடனே துடைப்பார்கள். அவர் கையும் அப்படியே பாலிஷைத் துடைத்துவிட்டது. காலையில் நான் போனபோது இரும்பும் கட்டையும் ஒன்றாகிக் கிடந்தன.

"போச்சு," என்றேன்.

"எது போச்சு? அந்த மான்கறியெல்லாம் வெளிய எடு."

உறைபெட்டியைக் காலி செய்து துப்பாக்கியை உள்ளே படுக்க வைத்தார். மறுநாள் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். குளிரில் இறுகியிருந்த பசை டப்பென்று விட்டது. கட்டையில் பள்ளம் கச்சிதமாகப் பதிந்திருந்தது.

மணல் குழியில் அவருடைய மூன்று குண்டும் தட்டில், ஒரு உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன.

"அதிர்ஷ்டம்," என்றார் ரெய்னோ. "அந்தக் கட்டை சூடேறினா விலகும். இன்னும் மூணு சுடட்டும்."

"சுடறேன். டேலும் எனக்குப் பக்கத்துல நின்னு ஆறு சுடட்டும்."

டேல் தன் காலணியைப் பார்த்தான். யாரோ சிரித்தார்கள். அதன்பின் யாரும் இன்னொரு தட்டு எடுத்து வைக்கவில்லை.

விடியுமுன் நானும் ஹில்மாவும் மேடேறினோம். டேல் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான்.

"மாமாதான் போகச் சொன்னார்," என்றான்.

"அப்ப நேத்து அந்தத் தட்டையும் உன் மாமாவே சுட்டிருக்கணும். எந்திரி."

அவன் அசையவில்லை. ஹில்மா அவனுக்கு எதிரே, அவன் சுட வேண்டிய திசையை மறைத்துக்கொண்டு, குண்டு போடாத துப்பாக்கியோடு பனியில் நின்றார். கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. முதல் குண்டு தூரத்தில் எங்கோ வெடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டேல் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.