கராஜுக்கு வந்தால் சுகமாகிற கார்

கார் மெக்கானிக் வேலையில பழுதான காரைவிட, பழுதைக் காட்டாத கார்தான் ஆளைக் கொல்லும். மொன்ரியலில் பதினாறு வருசமா மற்றவையின்ர வாகனத்துக்குக் கீழே படுத்துக் கிடக்கிறன். என்னோடை சேர்ந்து படுத்துக் கிடக்கிற சகபாடிகளே, இது உங்களுக்குத்தான்.

கை ராசி

கார்ட்டியர்வில்லில் இருக்கிற சிவராசா அண்ணைக்கு, டோர்வல் விமான நிலையத்தில சாப்பாடு கட்டுற வேலை. காலமை ஆறு மணிக்கு அங்கை நிக்கவேணும். அவற்ற ஹைபிரிட் காரோ திங்கட்கிழமைகளில மட்டும் எழும்பாது. பெரிய பற்றரியில சார்ஜ் கிடக்கும். காரை எழுப்பிவிடுற சின்னப் பற்றரிதான் செத்துக் கிடக்கும். பிந்திப் போனதுக்கு வேலையிடத்தில ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்திட்டினம். மூண்டாவது கடிதத்தோடை வேலை போயிடும்.

நான் சின்னப் பற்றரியைப் புதுசா மாத்திக் குடுத்தன். "தம்பி, நீர் கை ராசியான ஆள்" எண்டிட்டுப் போனார்.

மூண்டு நாள் விருந்தாளி

அடுத்த திங்கள் ரெண்டாவது கடிதம் வந்திட்டுது. அதைக் கொண்டுவந்து, ஸ்பனர் கிடக்கிற என்ர ஆயுதப் பெட்டிக்கு மேல வைச்சார். எனக்கு வெக்கமாப் போச்சு.

வெள்ளி பின்னேரம் தொடக்கம் திங்கள் காலமை மட்டும் காரைக் கராஜிலயே வைச்சிருந்தன். ஒவ்வொரு வயரா அளந்து பாத்தன், கரண்ட் எங்கையும் களவு போகேல்லை. டாஷ்போர்டுக்குக் கீழ ஆரோ கூடுதலாப் பூட்டின சொக்கெட் ஒண்டு இருந்தது. அதில என்ர போனைச் சார்ஜில போட்டுக்கொண்டுதான் இவ்வளவும் தேடினன். திங்கள் காலமை ஸ்டார்ட் பட்டனை அமத்தின உடன கார் எழும்பிச்சுது. என்னோடை வேலை செய்யிற பியர் பிரெஞ்சில சொன்னான்: "இதுக்கு நோய் வருத்தம் இல்லை, தனிய இருக்கப் பயம்."

வீட்டுக்குப் போய்ப் பாத்தது

கராஜில நோகாத கார் வீட்டில நோகுதெண்டால், வீட்டைத்தானே போகவேணும். அடுத்த ஞாயிறு பின்னேரம் போனன்.

காருக்குள்ள ஒரே திருவிழா. டாஷ்போர்டில பிள்ளையார், அவரைச் சுத்தி மின்னுற லைற் மாலை, பக்கத்தில சத்தத்தைக் குறைச்சுவிட்ட, மந்திரம் பாடுற பெட்டி. எல்லாம் அந்தச் சொக்கெட்டில. மச்சான் பூட்டிக் குடுத்ததாம். கார் நிண்டாலும் கரண்ட் ஓடும். கிழமை நாளில கார் ஓடுறதால பற்றரி சமாளிச்சிருக்கு. லீவு நாள் ரெண்டிலயும் பிள்ளையார் குடிச்சு முடிச்சிருக்கிறார்.

"அண்ணை, கராஜில இதை நான் ஒருநாளும் காணேல்லையே?" எண்டன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "எண்ணெயும் சப்பாத்துமாக் கிடக்கிற இடத்துக்குச் சாமியைக் கொண்டு வரலாமே? ஒவ்வொரு முறையும் கழட்டிச் சாமியறையில வைச்சிட்டுத்தான் வாறனான்."

திங்கட்கிழமை

அண்டைக்கே பற்றரிக்குச் சார்ஜ் ஏத்தி, கார் ஓடேக்கை மட்டும் லைற் எரியிற மாதிரி வயரை மாத்திவிட்டன். திங்கள் காலமை ஆறுக்குக் கால் மணித்தியாலம் இருக்க, வேலையிடத்தில நிண்டு போன் எடுத்தார். "தம்பி, பிள்ளையார் என்னைக் கைவிடேல்லை."

பழுதாக்கினவரும் அவர்தான், திருத்தின பேரும் அவருக்குத்தான். எனக்குக் கிடைச்சது ஒரு தேத்தண்ணி.